புல்தரையில் ஒரு நட்புப் போட்டி



விளையாட்டு என்றதும் ஓட்டமும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஓடாமலும் தாவாமலும், இருபது வயதினரும் எழுபது வயதினரும் ஒரே அணியில் நின்று ஆடத்தக்க ஆட்டம் ஒன்று உண்டு. அதனை 'லான் பௌல்ஸ்' என்பர். புல்தரை உருள்பந்தாட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சங்கத்தினர் தமக்குள் நடத்திக்கொள்ளும் அவ்வாட்டத்தின் நட்புப் போட்டியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

இதன் தாயகம் பிரிட்டன். 1299ஆம் ஆண்டு முதல் இருந்துவருவதாகச் சொல்லப்படும் ஆடுகளம் ஒன்று சவுத்தாம்ப்டன் நகரில் இன்றும் இருக்கிறது. பின்னர் ஸ்காத்லாந்தினர் ஆட்டத்துக்கு ஒழுங்கான விதிகளை வகுத்தனர். ஆங்கிலேயருடன் அது இந்தியாவுக்கும் வந்து, கொல்கத்தாவின் சில சங்கங்களில் வேரூன்றியது.

ஆட்டத்தின் முறை எளிது. பலகைபோல் சமன் செய்த புல்தரையின் ஒரு முனையில் சிறு பாய் ஒன்றை விரித்து, 'ஜாக்' எனப்படும் சின்னஞ்சிறு பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். பிறகு இரு கட்சியாரும் மாறி மாறிப் பெரிய பந்துகளை அதன் அருகே உருட்ட வேண்டும். நால்வர் அணியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்துகள். ஆக ஒரு சுற்றுக்குப் பதினாறு பந்துகள். எதிரியின் மிக அண்மையான பந்தைக் காட்டிலும் ஜாக்கை நெருங்கி நிற்கும் பந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

கேட்க எளிதுதான், ஆடுவதே அரிது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அப்பந்து முழு உருண்டையன்று. ஒரு பக்கம் சற்றே வேறுபடச் செதுக்கப்பட்டது. வேகம் இருக்கும்வரை நேராகச் செல்வது போலத் தோன்றும். வேகம் குறையக் குறைய ஒருபுறமாக வளையும். ஆகவே இலக்கை நோக்கி எறிபவன் இலக்கைத் தவறவிடுவான். இலக்குக்கு அப்பால், பக்கவாட்டில் ஓரிடத்தை நோக்கி உருட்டுபவனே அதனை அடைவான்.

இனி நட்புப் போட்டிக்கு வருவோம். இங்கே அணிகளை முன்கூட்டியே அமைப்பதில்லை. வந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். பல்லாண்டு ஆடியவரும் அன்றுதான் பந்தைத் தொட்டவரும் ஓரணியில் சேர்வர்.

நான் கொல்கத்தாவில் பணி புரிந்த காலம். மூன்றாண்டுகள் ஆகியும் அலுவலகத்தையும் மளிகைக் கடையையும் தவிர அந்நகரில் நான் அறிந்தது சொற்பம். ஒரு மார்கழி ஞாயிறன்று, ஆள் குறைகிறது என்று நண்பர் ஒருவர் அத்தகைய போட்டிக்கு என்னை அழைத்துச் சென்றார். சீட்டில் எனக்குக் கிடைத்த கூட்டாளிகள் மூவர்: அணித்தலைவராக ஓய்வுபெற்ற வங்காளி ஆசிரியர் ஒருவர், ஒரு பஞ்சாபி வணிகர், ஒரு கல்லூரி மாணவி. புதியவன் என்பதால் முதலில் ஆடும் இடம் எனக்கு.

பந்தின் இருபுறமும் வட்டக்குறிகள் உண்டு. சிறிய குறி எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கமே பந்து வளையும். அதனை நான் மாற்றிப் பிடித்துவிட்டேன். பந்து எங்கள் களத்தை விட்டு விலகிப் பக்கத்துக் களத்துக்குள் புகுந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தவர் அதைத் தடுத்து நிறுத்தினார். சுற்றிலும் சிரிப்பொலி. எனக்கு உடனே வீடு திரும்பிவிடலாம் என்றே தோன்றியது. மறுமுனையில் நின்ற ஆசிரியர் அங்கிருந்து நடந்து வந்தார். பந்தை என் கையில் சரியாகத் திருப்பி வைத்தார். "இந்தப் பிழையைச் செய்யாமல் இங்கே யாரும் ஆட்டம் கற்றதில்லை, தம்பி. என் கையைப் பார்த்து உருட்டுங்கள்" என்றார்.

கடைசிச் சுற்றின்போது புள்ளிகள் சமம். நான் உருட்டிய பந்து ஜாக்குக்கு ஒரு மீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது. வீண் என்று எண்ணினேன். ஆசிரியரோ கைதட்டினார். முன்னால் நிற்கும் பந்து பின்னால் பயன்படும் என்பது அவர் கணக்கு. அவ்வாறே, தமது கடைசிப் பந்தால் என் பந்தை மெல்ல இடித்து ஜாக்கின் அருகே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆயினும் எதிரணித் தலைவரின் பந்து வளைந்து வந்து இன்னும் நெருங்கியது. நாடாவைக் கொண்டு அளந்தார்கள். விரற்கடை அளவில் நாங்கள் தோற்றோம்.

வென்றவர்களும் தோற்றவர்களும் கைகுலுக்கித் தேநீர் அருந்தினோம். அன்று மாலை ஆசிரியர் என் ஊரையும் பெற்றோரையும் பற்றி விசாரித்தார். அடுத்த வாரம் அவர் வீட்டில் எனக்கு விருந்து. நான் அந்நகரத்தவன் ஆனது அன்றுதான் என்பேன்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுகளில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் பெற்றது. இவ்வாட்டத்தில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. லவ்லி சௌபேயும் ரூபா ராணி திர்க்கியும் ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள்; நயன்மோனி சைக்கியா அசாமியர்; பிங்கி தில்லிக்காரர். அந்நால்வரும் ஓரணியாய் நின்றதை அறிந்தபோது, சீட்டுக் குலுக்கலில் சேர்ந்த எங்கள் நால்வரையும் நினைத்துக்கொண்டேன்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் நம் சங்கங்களில் கூடுவது தேவையே. மொழியும் பண்டிகையும் அங்கே காக்கப்படுகின்றன. ஆனால் அண்டை வீட்டார் 'ஆள் குறைகிறது, வாருங்கள்' என்று அழைக்கும்போது, ஆட்டம் தெரியாது என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டாம். தெரியாமல் போவதிலும் ஒரு நன்மை உண்டு. கற்றுக்கொடுக்க ஒருவர் முன்வருவார்; நட்பும் அங்கேதான் தொடங்கும்.