புற்றுநோயும் திசுப் புரதங்களும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். தன் உடலைப் பற்றிப் பிறர் எழுதித் தரும் தாளைத் தானே படித்துப் பொருள் உணர்வதும் கல்வியின் பயனே ஆகும். 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவும் விளங்கினார். எழுத்தறிவையும் மருத்துவ அறிவையும் ஒருங்கே போற்றிய அப்பெரியாரின் வழிவந்த நாம் இப்பொருளைப் பேசத் தயங்க வேண்டுவதில்லை.

நம் மாநிலத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு ஒரு பெண்மணியின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், 1954ஆம் ஆண்டில், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றிற்று. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தா அவர்களும் அதனை வளர்த்தனர். ஏழை என்று எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

அந்நாளில் சதைப் பரிசோதனை செய்தால், இது புற்றா அன்றா, எந்த உறுப்பில் தோன்றியது என்பவற்றையே பெரிதும் அறிய இயலும். ஒரே அளவுடைய இரு கட்டிகளில் ஒன்று மருந்துக்கு அடங்குவதும், மற்றொன்று அடங்காது பரவுவதும் ஏன் என்பது விளங்கவில்லை. அவ்வினாவிற்கு விடை தருவனவற்றுள் முதன்மையானவை திசுவில் உள்ள புரதங்களே.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் புரதங்களாலேயே தொழில் புரிகின்றது. உயிரணு புற்றாக மாறும்போது சில புரதங்கள் மிகுகின்றன, சில மறைகின்றன. அவற்றைக் காணும் முறை யாதெனில், எடுத்த திசுவைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனமுள்ள சீவலாக வெட்டிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவர். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவர். பற்றிய இடம் பழுப்பு நிறமாகத் தோன்றும்படி செய்து, நுண்ணோக்கியில் நோக்குவர். எதிர்ப்பொருளுக்கு ஒளிர்நிறம் ஏற்றும் வழியை 1941ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டினார். ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் முறையை 1975ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்டீன் ஆகிய இருவரும் கண்டு, 1984ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இங்கு மூன்று புரதங்களைத் தவறாது நோக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்பன அவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்குமாயின் டாமாக்சிபன் என்னும் மலிவான மாத்திரை பயன்தரும். அதனை ஐந்தாண்டுகள் உட்கொண்டோரிடையே, பதினைந்து ஆண்டுக் காலத்தில், அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. ஹெர்-2 மிகுந்திருப்பின் நோய் விரைந்து பரவும் என்பதை 1987ஆம் ஆண்டில் ஸ்லேமன் குழுவினர் எடுத்துக்காட்டினர். அதே புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசிமருந்து 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2014ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட ஒத்த மருந்து விற்பனைக்கு வந்தது. ஆக, தீய குறியாய் இருந்த ஒரு புரதமே இன்று மருந்து நுழையும் வாயிலாக மாறியுள்ளது. மூன்றும் இல்லாதவிடத்து அவ்வழிகள் அடைபடுகின்றன. அங்குக் கீமோதெரபி முதலிய முறைகளையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் காரணம். இதனைக் கண்ட சுர் ஹாசன் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸ் உயிரணுவின் கட்டுப்பாட்டைக் குலைக்கும்போது பி-16 என்னும் புரதம் மிகுகின்றது. ஐயத்திற்கிடமான திசுவில் அதனை நோக்கி, இது புற்றுக்கு முந்திய நிலையா என்பதை மருத்துவர் தெளிகின்றனர். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர் கிராமந்தோறும் சென்று, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பரிசோதித்தனர். இதனால் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. முன்னரே வந்தவர்க்கே ஆய்வுக்கூடம் முழுப் பயன் தரும் என்பது இதனால் பெறப்படும்.

இங்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் என்ரியேட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31ஆம் வயதில் மாண்டார். அவருடைய திசு அவரது இசைவின்றி ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த உயிரணுக்கள் உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்பட்டன. இருப்பினும், அவருடைய குடும்பத்தார்க்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்செய்தியே தெரியாதிருந்தது. ஒடுக்கப்பட்டோர் உடல் அறிவியலுக்கு உதவிற்று. அறிவியலின் பயன் அவர்களை அடையக் காலம் பிடித்தது. புரதம் சாதி அறியாது. கட்டி எந்த அளவில் இருக்கும்போது மருத்துவரிடம் வந்து சேர்கிறது என்பதையோ கூலியும் தொலைவும் அச்சமும் வெட்கமும் தீர்மானிக்கின்றன.

இளைஞர்களே, நீங்கள் செய்யத்தக்கவை சில உள. எடுத்த திசு ஒரு மணி நேரத்திற்குள் பார்மலினில் இடப்பட வேண்டும். ஆறு மணி முதல் எழுபத்திரண்டு மணி வரை அதில் இருத்தல் வேண்டும். உப்புநீரில் இட்டோ, காலந்தாழ்த்தியோ அனுப்பினால் புரதம் சிதையும். உள்ள புரதம் இல்லை என்று அறிக்கை வரும். அந்தப் பிழையால் ஓர் அன்னை தனக்கு உரிய மாத்திரையை இழந்துவிடுவாள். நம் ஊரிலிருந்து சதைப் புட்டியைக் கையிற்கொண்டு பேருந்தேறும் அண்ணனும் தம்பியும் இதனை அறிந்திருக்க வேண்டும். புட்டியில் உள்ளது பார்மலின்தானா, எத்தனை மணிக்கு இடப்பட்டது என்று கேட்டு எழுதிப் பெறுங்கள். மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் மூன்று புரதங்களும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்; இல்லையேல் மருத்துவரைப் பணிவோடு வினவுங்கள். ஹெர்-2 அறிக்கையில் இரண்டு கூட்டல் குறி என்றிருந்தால் முடிவு எட்டப்படவில்லை என்பதே பொருள். மேலும் ஓர் ஆய்வு வேண்டும். மெழுகுக் கட்டியையும் அறிக்கையையும் பற்றிய விவரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் வேறு மருத்துவமனைக்குச் சென்றால் அதே கட்டியிலிருந்து புதிய சீவல் எடுக்க இயலும்.

தாய்மார்களே, மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டால், வலிக்கவில்லையே என்று வாளாவிராதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவு பயிலும் நம் பிள்ளைகளை ஆய்வுக்கூட நுட்பம், செவிலியர் பணி, மருத்துவம் ஆகிய துறைகளுக்கு அனுப்ப உதவித்தொகை ஒன்றை இவ்விழா நினைவாக நிறுவுங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நுண்ணோக்கியில் நோக்கி அறிக்கை எழுதும் கைகளுள் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்கட்டும்.