செம்புத் தகடும் சிரட்டையும்

(அகரத்தில் மாணவர்கள், இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ஓவியம் பத்திப் பேசப் போறேன்னதும் பின்வரிசையில ரெண்டு பேர் சிரிச்சீங்க. சிரிங்க. நமக்கு ஓவியம்னா காலண்டர் சாமிதானே. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டு வீடுவீடாக அனுப்பிய சாமிகளின் வாரிசு அது.

நான் சொல்ல வந்தது வேறு அச்சு. மெசோடிண்ட். 1642இல் லுட்விக் வான் சீகன் என்ற ஜெர்மானியர் தொடங்கி வைத்தது. செம்புத் தகட்டின்மேல் பல் வைத்த வளைந்த உளியை ஆட்டி ஆட்டி, முழுக்கச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்படியே மை தடவி அச்செடுத்தால் தாள் பூராவும் ஒரே கருப்பு. பிறகு எங்கே எவ்வளவு சுரண்டி வழவழப்பாக்குகிறோமோ அங்கே அவ்வளவு வெளிச்சம். வெள்ளைத் தாளில் கருப்புக் கோடு போடுவதற்கு நேர் எதிர்.

திண்டுக்கல் தோல் ஷாப்புல சுரண்டுற பெரியவருக்கு இதை யாரும் கத்துத்தர வேணாம். எங்க அழுத்தணும், எங்க கைய விடணும்னு அவருக்குத் தெரியும். ஒரு இழுப்பு கூடிப்போனா தோல் போச்சு. அவரைக் கலைஞர்னு எவனும் சொன்னதில்லை, மூக்கைப் பொத்துனதுதான் மிச்சம்.

ஜப்பானின் யோசோ ஹமாகுச்சி (1909–2000) இம்முறையில் செர்ரிப் பழங்களைச் செய்தார். அடர்ந்த கருப்புக்குள் சின்னதாய் ஒரு சிவப்பு. அழகுதான், மறுக்கவில்லை. 'அன்றாடப் பொருள்களின் கவித்துவம்' என்கிறார்கள். யாருடைய அன்றாடம்? எனக்கு ஞாபகம் வந்தது டீக்கடைக் கூரையில் எங்களுக்கென்று செருகி வைத்திருந்த சிரட்டை.

நாக்பூரில் 1961இல் பிறந்த சவி சவர்கர், பரோடாவில் அச்சுக்கலை படித்தவர். மெசோடிண்ட் அல்ல, தகட்டை அமிலத்தால் அரிக்கும் எட்சிங். அவர் படத்து மனிதனின் கழுத்தில் கலயம் தொங்குகிறது. பேஷ்வாக்களின் பூனாவில் எச்சில் மண்ணில் படக்கூடாதென்று கட்டவைத்த கலயம். காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம். அம்பேத்கர் 1936இல் இதை எழுதினார், பேசவிடாமல் தடுத்ததால் தானே அச்சிட்டு வெளியிட்ட உரையில்.

சிரட்டையைப் படமாப் போடணும்னு வீட்ல சொன்னேன். எங்கப்பா கேட்டார்: "மறக்கணும்னு நெனைக்கிறதை எதுக்குடா செவுத்துல மாட்டுற?" அவர் அதில் குடித்தவர். நான் பார்த்தவன் மட்டும்தான். அந்தக் கேள்வியைத் தாண்டிட்டு வரலை, அதோடதான் இங்க நிக்கிறேன்.

செம்புத் தகடு நமக்குக் கட்டுப்படியாகாது. லினோலியம் துண்டு, உளி, அச்சக மை போதும். கரண்டி முதுகால தேய்ச்சாலே படம் விழும். பறை வேணாம், அதை எல்லாரும் போட்டாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு, அவங்க காட்டுற பொருளை வெட்டுங்க. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு தாளோட வாங்க.