குறத்தியின் பாட்டும் காவடியின் சிந்தும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது மேலகரம்; திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். சாரல் காலத்தில் அருவிக்கு விரைவோருள் அவ்வூரின் பெயர் கேட்டு ஒரு கணம் நிற்போர் மிகச் சிலரே.

கவிராயர் வெறும் மெட்டுப் பாட்டுக்காரர் அல்லர். குற்றாலத் தலபுராணம் பாடியவர்; யமக அந்தாதி பாடியவர். அடிதோறும் அதே எழுத்துத் தொடர் வரவேண்டும், பொருள் மட்டும் வேறாக வேண்டும்; அதுவே யமகம். உரையாசிரியர் துணையின்றி உள்ளே நுழைய இயலாத கோட்டை அது. அத்தகைய புலவர், குறி சொல்லிப் பிழைக்கும் மலைக்குறத்தி ஒருத்தியின் வாயில் தம் தமிழை வைத்தார். புராணமும் யமகமும் புலவர் கையோடு நின்றன. குறத்தி தன் மலைவளம் கூறும் பாட்டோ பள்ளிப் பிள்ளைகளின் நாவில் ஏறிற்று. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்கச் சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) இந்நூலுக்குப் பரிசாக நிலம் வழங்க, அந்நிலமே ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் இதனை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

இதனை எளிமை என்று மட்டும் சொல்லிவிடுவது பிழை. யமகத்தில் சொல்லை முறுக்கிப் பழகிய கைக்கே குறத்தியின் பேச்சை இத்தனை இயல்பாய் நடத்த வரும். கவியரங்கத்துக்கு எழுதுவோர் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் இவ்விந்தை மீண்டும் நிகழ்ந்தது. அண்ணாமலை ரெட்டியாரும் திரிபந்தாதி பாடிய புலவரே. முதலெழுத்து மட்டும் திரிய, எஞ்சியவை ஒத்து வரவேண்டும். அதுவும் யமகத்துக்கு இளைத்ததன்று. ஆயினும் அவரை வாழவைத்தது, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநடையில் பாடுவதற்கென அமைந்த காவடிச்சிந்து. தோளில் சுமை, எதிரே நெடுவழி. அச்சந்தத்தைத் தீர்மானித்தவை ஏடும் எழுத்தாணியும் அல்ல, நடக்கும் கால்கள். அதனால்தான் இன்றும் அம்மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் பாதமும் தாளமிடுகிறது.

1865இல் பிறந்த ரெட்டியார் 1891இல் மறைந்துவிட்டார். சிந்து பரவிய அளவுக்கு அவர் வரலாறு பரவவில்லை. ஆனால் தம் ஊரையும் பெயரையும் அவர் பாட்டுக்குள்ளேயே முடிந்து வைத்திருந்தார். சந்தத்தோடு பின்னிய பெயரைப் பிரித்தெடுக்க முடியாதல்லவா? யார் எழுதியது என்று அறியாத காவடிக்காரரும் சென்னிகுளத்தின் பெயரைச் சொல்லியே ஆடிச் செல்கின்றனர்.