குடியும் வேட்கையும்

கழக்கூட்டத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு, மது நஞ்சென்றும், அதனைச் செய்யவோ கொடுக்கவோ குடிக்கவோ ஆகாதென்றும் அறிவுறுத்தினார். நஞ்சென்று அறிந்தவனும் ஏன் குடிக்கிறான்? இன்பம் வேறு, வேட்கை வேறு. நாட்பட்ட குடியில் இன்பம் தேய்கிறது. மூளையில் டோபமைன் என்னும் பொருள் வளர்த்துவிட்ட வேட்கையோ தேய்வதில்லை. கடைவாயிலைக் கடந்தாலே விழித்துக்கொள்ளும். கழக்கூட்டத்திலும் பிற ஊர்களிலும் தனியறையில் வாழும் நம்மவர் சிலர் இதனை நன்கறிவர்.

உடலும் மதுவுக்குப் பழகிவிடுகிறது. ஆகவே, நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் சபதம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் காணலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சபதத்தை நான் குறை கூறவில்லை. அதனோடு மருத்துவரும் வேண்டும். அறைத்தோழர் அவ்வாறு நடுங்கக் கண்டால், நடிப்பென்று நகையாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.