ஜனாதிபதி: தேர்வும் விடைபெறுதலும்
(சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜனாதிபதி தேர்தல் என்றாலே, அது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் பார்த்துக்கொள்கிற காரியம், நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கிறோம். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஜெயித்தவர் மறுபடியும் வரலாமா, எப்போது போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இதில் நம் சங்கத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விஞ்ஞானம் படித்தவன் ஆகையால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு மாநிலத்தின் 1971-ம் வருஷ ஜனத்தொகையை, அங்கே தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடியும் ஆயிரத்தால் வகுத்தால், ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி.யின் ஓட்டு மதிப்பு வரும். அந்தத் தேர்தலில் அது 700. ஆக, தராசின் ஒரு தட்டில் பார்லிமெண்ட், இன்னொரு தட்டில் மாநிலங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். நியமன அங்கத்தினர்களுக்கு இதில் ஓட்டு கிடையாது.

ஓட்டுப் போடுகிறவர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையைக் குறிக்க வேண்டும். இதன் அருமை 1969-ல் தெரிந்தது. முதல் விருப்ப ஓட்டுகளில் வி.வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. முதலில் நின்ற கிரிக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பின்தங்கியவர்களின் ஓட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரித்துச் சேர்த்த பிறகுதான், 4,20,077-க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி ஜெயித்தார்.

இனி முதல் கேள்வி. மறுபடியும் வரலாமா? நம் அரசியல் சாசனத்தின் 57-வது ஷரத்து, வரலாம் என்கிறது. எத்தனை தடவை என்று எல்லை எதுவும் போடவில்லை. அமெரிக்காவில் இப்படி இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு தவணை போதும் என்று 1797-ல் தாமாகவே விலகினார். அவருக்குப் பிறகு பலர் அதையே வழக்கமாகக் கொண்டார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932 முதல் 1944 வரை நான்கு முறை ஜெயித்தார். அதன் பிறகு 1951-ல் அவர்கள் சாசனத்தையே திருத்தி, இரண்டு முறைக்கு மேல் யாரும் தேர்ந்தெடுக்கப்படக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். வழக்கம் உடைந்த இடத்தில் சட்டம் வந்தது.

நம் நாட்டில் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் 2022 தேர்தல் வரையில் அந்தக் கதவு வழியாக மீண்டும் வந்தவர் ஒருவர்தான், டாக்டர் ராஜேந்திர பிரசாத். 1950-ல் அரசியல் நிர்ணய சபை அவரைத் தேர்ந்தெடுத்தது. 1952-லும் 1957-லும் தேர்தலில் ஜெயித்தார். பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் பதவியில் இருந்து, 1962 மே மாதம் விடைபெற்று, பாட்னாவில் சதாகத் ஆசிரமத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பின் வந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஒரே தவணையோடு 1967-ல் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆர். வெங்கடராமனும் 1992-ல் ஒரே தவணையில் நிறுத்திக்கொண்டார். அப்துல் கலாம் மீண்டும் நிற்க வேண்டும் என்று 2007-ல் பலர் விரும்பினார்கள். வெற்றி நிச்சயமானால் யோசிக்கலாம் என்றிருந்த அவர், பிறகு போட்டியில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு பெட்டிகளோடு ராஷ்டிரபதி பவனை விட்டு வெளியே வந்து, மாணவர்களிடம் போனார். 2015-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

இரண்டாவது கேள்வி. எப்போது போக வேண்டும்? இங்கே சாசனம் மிகவும் கண்டிப்பு. தவணை ஐந்து வருஷம். 62-வது ஷரத்துப்படி, தவணை முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும். 1974-ல் இதற்கு ஒரு சோதனை வந்தது. குஜராத் சட்டசபை கலைக்கப்பட்டிருந்தது. ஒரு மாநிலமே ஓட்டுப் போட முடியாதபோது தேர்தல் நடத்தலாமா என்று சுப்ரீம் கோர்ட்டின் கருத்து கேட்கப்பட்டது. நடத்தத்தான் வேண்டும், காலியிடம் இருப்பதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக்கூடாது என்று கோர்ட் சொன்னது. 2022-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டசபை இல்லை. அப்போதும் தேர்தல் குறித்த காலத்தில் நடந்தது.

ஜாகிர் உசேன் 1969-லும், பக்ருதீன் அலி அகமது 1977-லும் பதவியில் இருக்கும்போதே காலமானார்கள். 1969-ல் உப ஜனாதிபதி கிரியும் தேர்தலில் நிற்பதற்காக ராஜினாமா செய்ததால், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா சில வாரங்கள் ஜனாதிபதியின் பொறுப்பைப் பார்த்தார். ஒரு நாள்கூட அந்த நாற்காலி கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. சஞ்சீவ ரெட்டி 1977 ஜூலை 25-ல் பிரமாணம் எடுத்தார். அதற்குப் பின் வந்த எல்லோரும் முழுத் தவணை இருந்ததால், 2022-ல் திரௌபதி முர்மு வரையில் அதே ஜூலை 25-ம் தேதியில்தான் பதவி கைமாறியிருக்கிறது.

ஆக, நம் சாசனம் செய்திருப்பது இதுதான். ஆளைத் தடுக்கவில்லை, தேதியைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தத் தேதியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். மீண்டும் வேண்டுமானால் மறுபடி ஓட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். போகிறவருக்கு மனக்கலக்கம் வேண்டாம் என்று சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாகவும், இருக்க வீடும் சட்டம் கொடுக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். பல ஊர்களில் நம் கிளைகளிலும், பஜனை சமாஜங்களிலும், கோயில் கமிட்டிகளிலும் ஒரே காரியதரிசி பத்து, பதினைந்து வருஷம் இருப்பதைப் பார்க்கிறோம். அவர்கள் சுயநலக்காரர்கள் அல்ல. கைக்காசைச் செலவழித்து உழைத்தவர்கள். கேட்டால், "வேறு யாரும் முன்வருவதில்லையே ஸார்" என்பார்கள். அது பாதிதான் உண்மை. நாற்காலி எப்போது காலியாகும் என்று தெரியாத இடத்தில் இளைஞர்கள் எதற்காக வந்து நிற்பார்கள்? ஒரு மாநிலமே வராவிட்டாலும் தேர்தல் நிற்காது என்பது இந்த தேசத்தின் சட்டம். ஆள் வரவில்லை என்பதற்காக நாம் ஏன் தேதியைத் தள்ளிப்போட வேண்டும்?

என் யோசனைகள் மூன்று. விதிகளில் தவணையையும் தேர்தல் மாதத்தையும் எழுதுங்கள். தவணை முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து, கணக்குப் புத்தகங்களையும் பாங்க் விவரங்களையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். விலகியவர் வாரம் ஒருமுறை வந்து குறை சொல்லாமல், கேட்டால் மட்டும் ஆலோசனை தரட்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆபீஸிலிருந்து ரிடையர் ஆன நம் எல்லோருக்கும் அது தெரியும்.

இதை அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.