பீஸ் என்னும் சொல்



தாராவியில், நைன்ட்டி பீட் ரோடு என்று நாம் வழங்கும் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால், தையல் எந்திரங்களின் ஓசைக்கிடையே நம் செவியில் விழும் சொற்களுள் 'பீஸ்' என்பது ஒன்று. இன்று எத்தனை பீஸ் ஆயிற்று, பீஸுக்கு என்ன கூலி என்பது அங்கே பேச்சு. ஜூன் மாதத்தில் மாதுங்காவின் பள்ளி வாசல்களிலும் அச்சொல்லே வழங்கும்; அங்கே அதற்குப் பள்ளிக் கட்டணம் என்பது பொருள். செம்பூரில் மாலையில் உலாவ வரும் ஓய்வு பெற்ற பெரியவரைக் கேட்டாலோ, "எல்லாம் இருக்கிறது ஐயா, பீஸ் ஒன்றுதான் இல்லை" என்பார். அவர் குறிப்பது மன நிம்மதியை. ஆங்கிலத்தில் இவை மூன்று தனிச் சொற்கள். நம் எழுத்தில் மூன்றும் ஒன்றாகவே நிற்கின்றன. செம்பூர்ப் பெரியவர் சொன்ன அந்த மூன்றாவது பீஸைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

ஒரு சொல்லைப் பற்றிப் பேச இத்தனை நேரம் வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த நாம், நாள்தோறும் நாலைந்து மொழிகளினூடே நடமாடுகிறோம். பிற மொழிச் சொல்லை எடுத்தாளும்போது அதன் பொருளில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுவது உண்டு. பீஸ் என்ற சொல்லில் நாம் விட்டுவிட்ட பாதிதான் இந்த நகரத்தில் நமக்கு மிகவும் வேண்டியதாக இருக்கிறது.

முதலில் அச்சொல்லின் வழக்குகளைப் பார்ப்போம். சேவ்ரியில் உள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் கற்களின்மேல் அச்சொல்லைக் காணலாம். அங்கே அது இறந்தோர்க்கு வேண்டும் இளைப்பாறல். இரு நாடுகள் போரை நிறுத்தி ஒப்பமிடும்போது அது உடன்படிக்கை. ஒருவர் தம் கருத்தை வெளியிடாமல் வாய் மூடியிருந்தால், அவர் தம் பீஸைப் பிடித்துக்கொண்டார் என்பது ஆங்கிலேயர் வழக்கு. அங்கே அது மௌனம். உள்ளத்தில் கவலையின்றி இருப்பதும் அதுவே. தெருவில் சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பதும் அதுவே.

கடைசியாகச் சொன்ன பொருளில் சட்டமும் இச்சொல்லை ஆள்கிறது. ஒருவரால் பொது அமைதி குலையும் என்ற ஐயம் எழுந்தால், அமைதி காப்பதாக அவரிடம் பிணைமுறி எழுதி வாங்க 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 107-ஆம் பிரிவு இடமளித்தது. மும்பையில் இதனைச் 'சாப்டர் கேஸ்' என்பர். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 126-ஆம் பிரிவு. இதற்கும் முன்னே செல்வோமானால், 1865 முதல் 1872 வரை பம்பாய் நகராட்சியின் பொறுப்பே 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற பட்டம் பெற்றவர்களின் அவையிடம் இருந்தது. பெயரோ அமைதியின் நீதிபதிகள். அவர்கள் முன் வந்த காரியங்களோ சாக்கடையும், குடிநீரும், வரியும். இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

இத்தனை பொருள்களுக்கும் மூலம் எது? லத்தீன் மொழியின் 'பாக்ஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது பீஸ். 'உடன்பாடு செய்துகொள்ளுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையோடு அது உறவுடையது. இரண்டிற்கும் அடியான வேர் 'பொருத்துதல், இறுக்கிக் கட்டுதல்' என்ற பொருளைத் தருவது என்பர் மொழி நூலார். ஆகவே பிறப்பினால் இச்சொல் மௌனத்தைக் குறித்ததன்று. இருவர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் குறித்தது. இன்னொரு செய்தியும் உண்டு. பணம் தருவதைக் குறிக்கும் 'பே' என்ற ஆங்கிலச் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஒருவரைச் சமாதானப்படுத்துவது என்பதே அதன் பழம்பொருள். தாராவியில் தைத்த பீஸுக்கு உரிய கூலி சரியாகக் கைக்கு வந்தால்தான் வீட்டில் பீஸ் நிலவும் என்பதை மொழி வரலாறே ஒருவாறு ஒப்புக்கொள்கிறது!

இனி நம் சொற்களுக்கு வருவோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதை நாம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தாராவியில் வாழும் தமிழருள் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பூசையின் முடிவில் மும்முறை ஒலிப்பது 'சாந்தி'. தேவாலயத்தில் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்வது 'சமாதானம்'. பள்ளிவாசலிலிருந்து வெளியே வருபவர் நண்பரைக் கண்டதும் சொல்வது 'சலாம்'. சாந்தி என்பதன் வேர் தணிதல், அடங்குதல் எனப் பொருள்படும். சமாதானம் என்பது பிரிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து வைத்தல். அதனால்தான் கேட்ட கேள்விக்குத் தக்க விடை தருவதையும் 'சமாதானம் சொல்லுதல்' என்கிறோம். சலாம் என்பதன் வேருக்கோ ஊறின்றி இருத்தல், முழுமையாக இருத்தல் என்பன பொருள்.

செம்பூர்ப் பெரியவர் வேண்டுவது சாந்தியை. அதில் தவறில்லை. ஆனால் சமாதானத்தின் துணையில்லாமல் சாந்தி நிலைத்து நிற்குமா என்பதே கேள்வி. இந்த நகரத்தின் வரலாறு அதற்கு விடை தருகிறது.

1960-களின் பிற்பகுதியில் இங்கே தென்னிந்தியருக்கு எதிராக ஒரு கிளர்ச்சி எழுந்தது. அந்நாளில் வெளியிடங்களில் தமிழை உரக்கப் பேசத் தயங்கிய குடும்பங்கள் இருந்தன என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த வீடுகள் அமைதியாகத்தான் தோன்றியிருக்கும். உள்ளே இருந்ததோ அச்சம். அச்சத்தால் அடங்கிய வாயைக் கண்டு அமைதி என்று சொல்லலாகாது என்பதை நாமே பட்டறிந்தோம்.

அதனினும் பெரிய துன்பம் பின்னர் வந்தது. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் பெருங்கலவரம் மூண்டது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் 900 பேர் உயிரிழந்ததாகக் கணக்கிட்டது. தாராவியும் எரிந்த பகுதிகளுள் ஒன்று. ஊரடங்கு போடப்பட்ட நாட்களில் தெருக்களில் ஓசையே இல்லை. எந்திரங்கள் ஓடவில்லை, கைவண்டிகள் நகரவில்லை. ஓசையின்மையே பீஸ் ஆகுமானால், மும்பை அந்நாட்களில்தான் முழு பீஸுடன் இருந்திருக்க வேண்டும்! ஆனால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டினாலும் திறக்க அஞ்சிய நாட்கள் அவை.

கலவரத்திற்குப் பிறகு அச்சொல்லின் பழம்பொருள் இந்நகரில் மீண்டும் உயிர் பெற்றது. காவல்துறை ஆணையராக இருந்த சதீஷ் சாஹ்னி, ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூகத் தொண்டர் சுஷோபா பார்வே முதலியோரின் முயற்சியால் மொகல்லா கமிட்டிகள் என்னும் வட்டார அமைதிக் குழுக்கள் வளர்ந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் காவலரும் ஒரே பாயில் அமர்ந்து பேசத் தொடங்கினர். 'கிரிக்கெட் ஃபார் பீஸ்' என்ற பெயரில் அவர்கள் கலந்து ஆடிய பந்தயங்களும் நடந்தன.

தாராவியில் இப்பணியில் ஈடுபட்டவர்களுள் பாவ் கோர்டே, வகார் கான் என்னும் இரு நண்பர்கள் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். நான்கு சிறுவர்களுக்கு நான்கு சமயத்தாரின் உடையை அணிவித்து, நாம் அனைவரும் ஒன்றே என்ற வாசகத்துடன் எடுத்த படம் ஒன்று சுவரொட்டியாக நகரமெங்கும் பரவியது இவர்களது முயற்சியால்தான். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மான்டீரோவும் கே.பி. ஜெயசங்கரும், இவ்விருவரின் நட்பையும் பணியையும் 'நாதா' என்ற ஆவணப்படமாக 2003-இல் எடுத்தனர். நாதா என்றால் உறவு.

இத்தகைய குழுக்களின் வேலை பெரிய மேடைகளில் நடப்பதன்று. நள்ளிரவில் ஒரு வதந்தி பிறக்கிறது. இரு தரப்பாரும் சேர்ந்து அந்த இடத்திற்கே போய்ப் பார்த்து, நடந்தது இன்னது என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஊர்வலம் எவ்வழி போவது, ஒலிபெருக்கி எந்நேரம் நிற்பது என்பதை முன்னதாகவே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். குழாயடிச் சண்டை குடும்பச் சண்டையாகி, குடும்பச் சண்டை மதச் சண்டையாவதற்கு முன்னே தலையிட வேண்டும். பழைய பம்பாயில் அமைதியின் நீதிபதிகள் சாக்கடையையும் குடிநீரையும் கவனித்தார்கள் என்றோமே, அது எவ்வளவு பொருத்தம்! அமைதி என்பது பெரும்பாலும் இவ்வகைச் சிறு காரியங்களில்தான் குடியிருக்கிறது.

இப்பொழுது இதனை நாம் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் செயலுக்கு வந்துகொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் நாளை வெவ்வேறு மாடிகளில், வெவ்வேறு இடங்களில் குடியேறக்கூடும். சுவர் தடித்திருக்கும், கதவு சாத்தியிருக்கும், ஓசை குறையும். ஆனால் பழைய சந்தில் யாரும் எழுதி வைக்காமலே அயலாரிடையே இருந்துவந்த உடன்பாடுகளை, லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. புதிய இடத்தில் அவற்றைப் புதிதாகவே செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு வழி நமக்குத் தெரியாததன்று. தைத்திருநாளில் தாராவித் தெருவில் வரிசையாகப் பொங்கல் வைக்கும் நம் தாய்மார்கள், பானை பொங்கியதும் யார் யார் வீட்டிற்குக் கொடுத்தனுப்புகிறார்கள் என்று பாருங்கள். மராத்தியர் வீட்டிற்கும் போகிறது, உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் வீட்டிற்கும் போகிறது. ஈகை நாளன்று அந்தப் பாத்திரம் வெறுமனே திரும்பி வருவதில்லை. அயலார் பெயரை அறிந்திருப்பதும், அவர் மொழியில் நாலு சொல் பேசக் கற்பதும், அவர் வீட்டு நல்லது கெட்டதற்குப் போய் நிற்பதும் அந்த உடன்பாட்டின் கையொப்பங்கள்.

'அமைதி' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பகுதி 'அமை'. அமைதல் என்றால் பொருந்துதல். அமைத்தல் என்றால் உண்டாக்குதல். லத்தீன் வேரும் பொருத்துதலையே சொல்லிற்று. கடல் கடந்த மொழியும் நம் மொழியும் இவ்விடத்தில் கை கோக்கின்றன. அமைதி தானாக வந்து வாய்ப்பதன்று. ஒருவரோடொருவர் பொருந்தி, நாம் அமைத்துக்கொள்வது.

செம்பூர்ப் பெரியவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். ஐயா, பீஸ் வேண்டுமென்று சன்னலைச் சாத்திக்கொண்டீர்கள், ஓசை நின்றது. இனி அருள்கூர்ந்து எதிர்வீட்டுக் கதவையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.