கண்டுபிடித்த கட்டிகள், குறையாத சாவுகள்



நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கும் என்பதை மறுத்துப் பேச நம் ஊரில் ஆள் கிடையாது. பெரும்பாலும் சரியான நம்பிக்கைதான். ஆனால் உலகில் வேறெந்தப் புற்றுநோயையும்விட அதிகமானோரைக் கொல்லும் நுரையீரல் புற்றுநோயில், அந்த நம்பிக்கை சோதனைக்கு வந்து முதலில் தோற்றது. சுமார் 40 ஆண்டுகள் கழித்து, ஒரு குறிப்பிட்ட கருவியோடு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அது உண்மையானது. அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது மருத்துவத்தில் சான்றாகிவிடாது. பொய்யாகிப் போகவும் இடம் கொடுத்து நடத்திய சோதனையில் நின்றதுதான் சான்று. இன்று உங்கள் முன் நான் வைக்கும் வாதம் இதுதான்.

1971இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதிகம் புகைக்கும் ஆண்கள் 9,211 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தார்கள். மற்றவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரை மட்டும். பரிசோதித்த பிரிவில் 206 புற்றுநோய்கள் தெரியவந்தன, மற்றதில் 160. நோய் தெரிந்தபின் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 33 விழுக்காடு, இரண்டாவதில் 15. இந்த எண்களோடு நிறுத்தியிருந்தால் விழா எடுத்திருப்பார்கள். அவர்கள் சாவையும் எண்ணினார்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 122 பேர், இரண்டாவதில் 115 பேர். எப்படி? 68 வயதில் இருமலோடு வந்து 70இல் இறக்கும் ஒருவருக்கு, 64 வயதிலேயே எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் 70இல்தான் இறக்கிறார் என்றால், நோயோடு வாழ்ந்த காலம் கணக்கில் இரண்டிலிருந்து ஆறு ஆண்டாகிவிடும். ஆயுள் ஒரு நாளும் கூடியிருக்காது. நோயாளி என்ற பெயரைச் சுமந்த காலம்தான் கூடியது. கூடுதலாகக் கிடைத்த கட்டிகளில் சில, தெரியாமலே போயிருந்தாலும் அந்த மனிதரை ஒன்றும் செய்திருக்காதவை என்றும் கருத இடமிருக்கிறது.

2011இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனை எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டது. 55 முதல் 74 வயதுக்குட்பட்ட, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு புகைத்த அளவையாவது எட்டிய 53,454 பேர். இங்கே நுரையீரல் புற்றுநோய்ச் சாவே குறைந்தது, 20 விழுக்காடு. மகத்தான செய்தி. உடனே ஒரு கேள்வி எழும்: நிரூபணமாகிவிட்டதே, நம் மருத்துவமனைகளின் மாஸ்டர் செக்கப்பில் எல்லோருக்கும் இதைச் சேர்த்தால் என்ன? அதே ஆய்வில், சந்தேகத்துக்குரியவை என்று சி.டி. காட்டியவற்றில் 96 விழுக்காடு புற்றுநோயே இல்லை. காசநோய் விட்டுச்சென்ற தழும்புகளும் முடிச்சுகளும் நிறைந்த நம் நுரையீரல்களில் வீண் சந்தேகம் இன்னும் பெருகும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சந்தேகமும் ஒருவரைத் திரும்பத் திரும்ப ஸ்கேனுக்கும், சிலரை ஊசிக்கும் கத்திக்கும் கொண்டுபோகும். அந்த ஆய்வு நிரூபித்தது அதில் சேர்ந்தவர்களைப் போன்றவர்களுக்குத்தான். புகையே தொடாத 40 வயதுக்காரருக்கு அந்த முடிவை விற்பது மருத்துவம் ஆகாது, வியாபாரம்.

சிகிச்சையிலும் இதே கதைதான். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி கொடுத்தது. பெரிய சோதனையில் அது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்ததும் 2005இல் அனுமதியைச் சுருக்கியது. இதற்கிடையில் 2004இல், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகளே இந்த மாத்திரைக்குச் சுருங்குகின்றன என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனாலும் புகைக்காதவர், ஆசியர், பெண் என்று ஆளைப் பார்த்தே மாத்திரை எழுதுவது நின்றுவிடவில்லை. 2009இல் வந்த ஐபாஸ் ஆய்வு, பார்வைக்குப் பொருத்தமான அப்படிப்பட்ட கிழக்காசிய நோயாளிகளையே எடுத்துக்கொண்டது. மாற்றம் இருந்தவர்களில் 71 விழுக்காட்டினருக்கு மாத்திரையால் கட்டி சுருங்கியது; கீமோவில் 47. மாற்றம் இல்லாதவர்களில் மாத்திரை நூற்றில் ஒருவருக்குத்தான் வேலை செய்தது. கீமோ ஏறத்தாழ 24 பேருக்கு. அனுபவம் வாய்ந்த கண் என்று நாம் பெருமையாகச் சொல்வது, ஒரு மரபணுப் பரிசோதனைக்கு ஈடாகவில்லை.

சாகக் கிடப்பவரிடம் ஆய்வு முடியட்டும் என்று சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கானோர் தேவையில்லை. நுரையீரல் புற்றுநோயில் ஏ.எல்.கே. மரபணு இணைவை ஜப்பானியர்கள் 2007இல் கண்டார்கள். அதற்கான மருந்தான கிரிசோடினிப் 2011இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஒப்பீட்டுப் பிரிவே இல்லாத இரண்டு சிறிய ஆய்வுகளை வைத்து. பலன் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அப்படிப்பட்டவை அபூர்வம். பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். கேரட்டில் இருப்பது என்ன கெடுதல் செய்துவிடும்? ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தபோது, அதை மாத்திரையாக உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது. 1994இல் அந்த முடிவு வெளியாகாமல் போயிருந்தால், நல்லெண்ணத்தோடு எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்போம்!

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, நாளை உங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒருவர் வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், விடாத இருமல், எக்ஸ்ரேயில் நிழல், சளியில் கிருமி இல்லை. காசநோய் மிகுந்த நாட்டில் காசநோய் மருந்தைத் தொடங்குவதுதான் அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றும். சளியில் கிருமி தெரியாத காசநோய் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்த ஊகத்திலேயே மாதங்களைக் கழித்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லாத நிலையில் புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேர்பவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். கூட்டம் அதிகம், பிராங்கோஸ்கோப்பி வசதி இல்லை என்ற பதிலை நான் ஏற்கிறேன். வசதி உள்ள இடத்துக்கு ஒரு சீட்டு எழுத அது தடையாகாது. ஊகத்தை ஆறு மாதம் வளரவிடாதீர்கள். பயாப்சிக்கு அனுப்புங்கள், எடுக்கும் திசு மரபணுப் பரிசோதனைக்கும் போதுமானதாக இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள்.